டோக்கியோவிலிருந்து காமகுரா, எனோஷிமா: வழிகாட்டியோடு போவதா, நாமே போவதா?

வாணி_நிஷிகசாய் | மே 18, இரவு 9.40

வணக்கம். ஜூன் மூன்றாவது வாரம் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வருகிறார்கள். அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 66. கியோத்தோவுக்கு அழைத்துப்போகும் அளவுக்கு எனக்கு விடுப்பு இல்லை. ஒரே நாளில் போய்வரக்கூடிய கடலோரக் கோயில்களாகப் பார்க்கலாம் என்று காமகுராவையும் எனோஷிமாவையும் யோசித்து வைத்திருக்கிறேன்.

நான் காமகுராவுக்கு ஒரு தடவை அலுவலக நண்பர்களோடு போயிருக்கிறேன். பெரிய புத்தரைப் பார்த்தோம், படம் எடுத்தோம், திரும்பிவிட்டோம். அப்பாவுக்கு அது போதாது. ஒரு கல்லைப் பார்த்தால் யார் நட்டது, எதற்கு நட்டது என்று கேட்பார். எனக்குப் பதில் தெரியாது. அதனால்தான் வழிகாட்டி யோசனை. காலையில் டோக்கியோவில் ஏற்றி மாலையில் கொண்டுவந்து விடும் பேருந்துச் சுற்றுலாக்களும் இருக்கின்றன, கூடவே நடந்து காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். போய்வந்தவர்கள் சொல்லுங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டவாளம் | மே 18, இரவு 10.15

ரயிலில் போங்கள். டோக்கியோ நிலையத்தில் யோகோசுகா தடத்தில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் காமகுரா. அங்கிருந்து எனோடென் என்கிற சின்ன மின்ரயில். 1902இல் முதல் பகுதி ஓடத் தொடங்கிய பாதை அது. மொத்தமே 10 கிலோமீட்டர், 15 நிலையங்கள். வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசுகிற மாதிரி போய்க்கொண்டே இருக்கும், துணி உலர்த்தும் கொடியைக் கை நீட்டித் தொட்டுவிடலாம் போலிருக்கும், அப்புறம் சட்டென்று இடப்பக்கம் முழுக்கக் கடல். பெற்றோரை இடப்பக்க ஜன்னலருகே உட்கார வையுங்கள். ஒரு நாள் சீட்டு வாங்கினால் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம்.

நெய்தல் | மே 18, இரவு 11.50

வாணி, நான் பதினோரு வருடமாக யோகோஹாமாவில் இருக்கிறேன். காமகுராவுக்கு ஆறேழு தடவை போயிருப்பேன். ஆனால் போன வருடம் ஒரு வழிகாட்டியோடு போன பிறகுதான் அந்த ஊர் எனக்குப் பிடிபட்டது. என் ஓட்டு நடந்து காட்டுகிற வழிகாட்டிக்கு.

எங்களுக்கு வந்தவர் எழுபதை நெருங்கிய பெரியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இதைத் தன்னார்வமாகச் செய்கிறார். கூலி வாங்கவில்லை. அவருடைய ரயில் செலவு, நுழைவுச்சீட்டு, மதியச் சாப்பாடு மூன்றும் நம்முடையது, அவ்வளவுதான். நிலையத்தில் இறங்கியதும் கூட்டமெல்லாம் கடைத்தெரு வழியாக ட்சுருகஓகா ஹச்சிமன் கோயிலைப் பார்த்து நடக்கும். அவர் எங்களை நேர் எதிர்த் திசையில், கடலுக்குக் கூட்டிப்போனார். யுயிகஹாமா மணலில் நிற்க வைத்து, இந்த ஊரை இங்கிருந்துதான் படிக்க வேண்டும் என்றார்.

உண்மைதான். கடற்கரையிலிருந்து கோயில் வரை நேர்கோட்டில் ஒரு பெருவழி போகிறது. வகமியா ஓஜி என்று பெயர். அதில் மூன்று தோரி வாயில்கள். எண்ணிக்கை கடலிலிருந்து தொடங்குகிறது: கடலுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் முதல் வாயில், கோயில் வாசலில் இருப்பது மூன்றாவது. நாம் நிலையத்திலிருந்து போனால் முதல் வாயிலைப் பார்க்காமலே போய்விடுவோம். நான் ஐந்து தடவை அப்படித்தான் போயிருக்கிறேன்.

அந்த வழியை அமைத்தவர் மினமோத்தோ நோ யொரிதொமோ, காமகுராவில் ஷோகுன் என்கிற படைத்தலைவர் ஆட்சியை நிறுவியவர். 1182இல், மனைவி மசாகோ கருவுற்றிருந்தபோது சுகப்பிரசவத்துக்கு வேண்டுதலாகப் போட்ட பாதை அது. அவரே கல் சுமந்ததாகச் சொல்வார்கள். நடுவில் மேடாக உயர்த்திய நடைபாதை இருக்கிறது, தன்கசுரா என்று பெயர், இரண்டு பக்கமும் செர்ரி மரம். கோயிலை நெருங்க நெருங்க அது குறுகிக்கொண்டே போகும். அதனால் உண்மையான தூரத்தைவிட நீளமாகத் தெரியும். பெரியவர் நடுவில் நிறுத்தி, திரும்பிப் பார்க்கச் சொன்னார். பார்த்தால் பின்னால் அகலமாக விரிகிறது.

அதே பெரியவர் கடற்கரையில் இன்னொன்றும் சொன்னார். யொரிதொமோவின் தம்பி யொஷித்சுனே, போர்களை வென்று கொடுத்தவர், பிறகு அண்ணனுக்குப் பகையாகி ஓடிக்கொண்டிருந்தார். அவருடைய காதலி ஷிசுகாவைப் பிடித்துக்கொண்டு வந்து 1186இல் ஹச்சிமன் கோயிலில் ஆடச் சொன்னார்கள். அவள் ஆடினாள். யொரிதொமோ முன்னாலேயே யொஷித்சுனேவை நினைத்து ஏங்கிப் பாடினாள். அவர் கோபத்தில் கொதித்தார், மசாகோதான் சமாதானம் செய்தாள். அப்போது ஷிசுகா கர்ப்பிணி. பெண் பிறந்தால் விடுவது, ஆண் பிறந்தால் கொல்வது என்று முடிவு. ஆண் பிறந்தது. அந்தக் குழந்தையை முடித்தது இந்த யுயிகஹாமா கடற்கரையில்தான். தன் பிள்ளை நல்லபடி பிறக்க வேண்டும் என்று கல் சுமந்து போட்ட பாதை, தம்பி பிள்ளை செத்த மணலில் போய் முடிகிறது. இதை அவர் குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு, "சரி, நடப்போம்" என்றார். கோயில் வரை எங்களில் யாரும் பேசவில்லை.

இதற்குத்தான் வழிகாட்டி வேண்டும் என்கிறேன். உங்கள் அப்பா கேட்கிற கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது, பலகையில் இல்லை.

மேகலை | மே 19, காலை 7.30

நெய்தல் சொல்வது கேட்க ஆசையாக இருக்கிறது. ஆனால் வாணி, முழங்கால் வலியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போன அக்டோபரில் என் மாமியாரைப் பேருந்துச் சுற்றுலாவில் அழைத்துப்போனேன். நிலையப் படிகள் இல்லை, ரயில் மாறுவது இல்லை, குளிர்சாதன வண்டியில் உட்கார்ந்தே வந்தார். அந்த வகையில் நிம்மதி.

குறையும் சொல்லிவிடுகிறேன். கடலோரச் சாலையில் நெரிசலில் மாட்டிக்கொண்டு, பெரிய புத்தர் கோயிலில் 35 நிமிடம்தான் கிடைத்தது. ஹசேதேரா கோயிலை அடியோடு விட்டுவிட்டார்கள். வழிகாட்டி கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓட, மாமியார் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தார். பேருந்து எடுத்தால் வார நாளில் எடுங்கள், ஒவ்வொரு இடத்திலும் எத்தனை நிமிடம் நிறுத்துவார்கள் என்று முன்பே எழுத்தில் கேளுங்கள்.

வாணி_நிஷிகசாய் | மே 19, இரவு 8.55

நெய்தல் அக்கா, உங்கள் பதிவை அப்பாவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். ஷிசுகா கதை வந்ததும் "இரு, இன்னொரு தடவை படி" என்றார். அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், அம்பாசமுத்திரம். ஆகவே நடை வழிகாட்டி என்று முடிவாகிவிட்டது.

மிச்சம் அம்மாவின் முழங்கால். எனோஷிமாவில் படிகள் அதிகம் என்கிறார்களே, விட்டுவிடலாமா? அம்மா "சரஸ்வதி கோயில்" என்று கேள்விப்பட்டதிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தண்டவாளம் | மே 19, இரவு 10.05

விட வேண்டாம், ஆனால் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். எனோஷிமா ஒரு சின்னத் தீவு. கரையிலிருந்து பாலத்தில் நடந்தே போகலாம். தீவில் ஏறும்போது மூன்று சன்னிதிகள் வரும்: ஹெத்சுமியா, நகத்சுமியா, ஒகுத்சுமியா. மூன்றிலும் கடல்வழி காக்கும் மூன்று சகோதரித் தெய்வங்கள். மேலே ஏற எஸ்கார் என்று கட்டண மின்படிக்கட்டு உண்டு, 1959இல் போட்டது. ஏறுவதற்கு மட்டும்தான், இறங்க நாமேதான் நடக்க வேண்டும்.

அம்மா சரஸ்வதி என்று கேள்விப்பட்ட பென்சைதென் முதல் சன்னிதி வளாகத்திலேயே, ஹெத்சுமியாவுக்குப் பக்கத்தில் எண்கோண மண்டபத்தில் இருக்கிறாள். மின்படிக்கட்டின் முதல் கட்டம் ஏறினாலே போதும். அதற்கு மேல் முழங்காலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஒகுத்சுமியாவைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் இவாயா குகை. கடல் அரித்த குகை, முதலாவது 152 மீட்டர், இரண்டாவது 56 மீட்டர். உள்ளே போகும்போது கையில் மெழுகுவர்த்தி ஏற்றித் தருவார்கள். தண்ணீர் சொட்டுகிற இருட்டில் அந்தச் சின்னச் சுடரைக் கையால் மறைத்துக்கொண்டு நடப்பது தனி அனுபவம். ஆனால் இறங்குகிற படிகள் செங்குத்து, அதே படியில் திரும்பி ஏறவும் வேண்டும். கடல் அமைதியாக இருந்தால் பாலத்தடியிலிருந்து குகைப் பக்கப் பாறைக்குச் சிறு படகு விடுவார்கள். அது ஓடுகிறதா என்று அன்று காலை பார்த்துக்கொள்ளுங்கள். ஓடாவிட்டால் அம்மாவை அந்தப் பக்கம் இறக்காதீர்கள்.

ஏடகம் | மே 20, காலை 6.20

வாணி, உங்கள் அப்பா அம்பாசமுத்திரம் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அவரை ஹசேதேராவுக்குக் கட்டாயம் அழைத்துப்போங்கள். பெரிய புத்தருக்கு நேரம் குறைந்தாலும் பரவாயில்லை.

அங்கே இருப்பது பதினொரு முகக் கன்னொன். 9.18 மீட்டர் உயர மரச் சிற்பம், பொன் பூசியது. கோயில் வரலாறு இப்படிச் சொல்கிறது: 721இல் தொகுதோ என்ற துறவி ஒரே கற்பூர மரத்தில் இரண்டு கன்னொன் செய்வித்தார். ஒன்று நாராப் பக்கத்து ஹசே ஊரில் தங்கியது. மற்றொன்றை, எங்கே தேவையோ அங்கே போய்ச் சேரட்டும் என்று கடலில் விட்டுவிட்டார்கள். பதினைந்து வருடம் கழித்து 736இல் காமகுராவுக்கு அருகே கரை ஒதுங்கியது. அதைத்தான் இங்கே எழுந்தருளச் செய்தார்கள்.

கன்னொன் யார்? அவலோகிதேஸ்வரர். அவருடைய உறைவிடம் பொதலகம் என்ற மலை. ஏழாம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனத்துறவி யுவான் சுவாங் அந்த மலையைத் தெற்கே, மலைய மலைக்குக் கிழக்கே வைத்து எழுதுகிறார். அது நம் பொதிகைதான் என்று ஆராய்ந்து எழுதியவர்களில் ஷு ஹிகோசகா என்ற ஜப்பானியத் தமிழறிஞரும் ஒருவர். நம் பக்கத்துச் சான்றும் உண்டு: அகத்தியர் அவலோகிதனிடம் தமிழ் கேட்டார் என்று வீரசோழியம் சொல்கிறது. சிவன் சொல்லிக்கொடுத்த கதை நமக்குப் பழக்கம், பௌத்தர்கள் சொன்ன கதை மறந்துபோயிற்று.

பொதலகம் ஜப்பானியத்தில் ஃபுதராகு ஆயிற்று. அந்த மலையைத் தேடித் துறவிகள் ஜப்பானின் தென்கரையில் நாச்சி என்ற இடத்திலிருந்து கடலில் படகு விட்டிருக்கிறார்கள். திரும்பி வருவதற்கான பயணம் இல்லை அது. அதில் ஒருவர் காமகுரா வீரர். யொரிதொமோவின் வேட்டையில் ஒரு பெரிய மானை எய்யச் சொன்னபோது குறி தவறி, அந்த வேட்டைக்களத்திலேயே தலையை மழித்துக்கொண்டு மறைந்துபோனவர். நாற்பது வருடம் கழித்து, 1233இல், நாச்சியிலிருந்து படகேறினார். முப்பது நாள் உணவும் விளக்கெண்ணெயும் உள்ளே. கதவை வெளியிலிருந்து ஆணி அடித்து மூடிவிட்டார்கள். காமகுராவில் ஆட்சியில் இருந்த பழைய நண்பருக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டுப் போயிருக்கிறார். காமகுரா அரசின் வரலாற்றேட்டில் இது பதிவாகியிருக்கிறது.

அவர் போக நினைத்த இடம், உங்கள் அப்பா தினமும் பார்த்து வளர்ந்த மலை.

நெய்தல் | மே 20, காலை 8.10

ஏடகம் ஐயா, இத்தனை வருடம் ஹசேதேராவுக்குப் போய்வந்திருக்கிறேன், இது தெரியாது. கை நடுங்குகிறது.

சைமோகுசா பக்கம் ஃபுதராகுஜி என்று ஒரு சின்னக் கோயில் காமகுராவிலேயே இருக்கிறது. பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டே கடந்து போயிருக்கிறேன். அந்தப் பெயர் இதுதானா?

ஏடகம் | மே 20, காலை 8.40

அதேதான். யொரிதொமோ காலத்தது. சுற்றுலாப் பேருந்துகள் அங்கே போவதில்லை.

பருத்தித்துறையான் | மே 20, இரவு 11.30

நான் கனடாவில் இருக்கிறேன், இரண்டு வருடத்துக்கு முன் குடும்பத்தோடு போய் வந்தோம். பெரிய புத்தர் இருக்கும் கொதொகு-இன் கோயில் வளவுக்குள் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. ஜே. ஆர். ஜெயவர்த்தனாவுக்காக 1991இல் வைத்தது. 1951இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கையின் சார்பில் பேசியபோது, ஜப்பானிடம் இழப்பீடு கேட்க மாட்டோம் என்று சொல்லி, பகை பகையால் தணியாது, அன்பினாலேயே தணியும் என்ற புத்தர் வாக்கை எடுத்துச் சொன்னார். அதற்கு ஜப்பானியர் காட்டிய நன்றி அந்தக் கல்.

எங்களுக்கு அந்தப் பெயரைப் பார்த்ததும் 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர் கொல்லப்பட்ட கலவரம்தான் வந்து நிற்கும். அப்போது நாட்டின் ஜனாதிபதி அவர். அந்தக் கல்லுக்கு முன்னால் நான் கனநேரம் நின்றேன். மகள் ஏன் அப்பா நிற்கிறீர்கள் என்று கேட்டாள். அந்த வாக்கு சரியான வாக்கு என்று சொன்னேன், பிறகு மற்றதையும் சொன்னேன். வழிகாட்டி அந்தக் கல்லைச் சந்தோசமாகக் காட்டுவார், அவருக்கு மற்றது தெரிந்திருக்காது. போகிற எங்கட சனம் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது என்று எழுதுகிறேன்.

நெய்தல் | மே 21, காலை 7.05

அண்ணா, எழுதியதற்கு நன்றி. இனி யாரை அழைத்துப் போனாலும் இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.

நாகைக்கரை | மே 21, பிற்பகல் 1.15

புத்தர் இன்று வானத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பதன் காரணத்தை யாரும் சொல்லவில்லை. வெண்கலச் சிலையை 1252இல் தொடங்கினார்கள். பீடம் நீங்கலாக 11.3 மீட்டர், 121 டன். அப்போது அவருக்கு மேல் பெரிய மண்டபம் இருந்தது. 1334இலும் 1369இலும் புயல் சாய்த்தது. 1498இல் நிலநடுக்கமும் கடல்கோளும் வந்து மிச்சத்தையும் கொண்டுபோனதாகச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு யாரும் கூரை போடவில்லை. சுற்றிலும் கிடக்கிற பெரிய தட்டைக் கற்கள் அந்த மண்டபத்துத் தூண்களின் அடிக்கற்கள். பலர் அவற்றில் உட்கார்ந்து இளைப்பாறுகிறார்கள்.

1923 பெருநிலநடுக்கத்தில் பீடமே சேதமானது. 1960களின் தொடக்கத்தில் கழுத்தை உள்ளிருந்து வலுப்படுத்தினார்கள். 50 யென் கூடுதலாகக் கொடுத்து உள்ளே போனால் அப்படி வலுப்படுத்திய இடம் தெரியும். வார்ப்புக் கோடுகளும் தெரியும். சுவாமிமலை மெழுகு வார்ப்பு போல இல்லை, கீழிருந்து மேலாக அடுக்கடுக்காக வார்த்து ஏற்றியிருக்கிறார்கள். வாணி, உங்கள் அப்பா இதைக் கண்டிப்பாகக் கேட்பார்.

இன்னொன்று. காமகுராத் தெருக்களில் கம்பங்களில் இந்த இடம் கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர், ஓட வேண்டிய திசை இது என்று போட்டிருப்பார்கள். நான் 2004இல் நாகப்பட்டினத்தில் இருந்தவன். அந்தப் பலகைகளை நான் ஒவ்வொன்றாக நின்று படித்தேன்.

தயிர்சாதம் | மே 21, இரவு 9.20

சாப்பாட்டை யாரும் பேசவில்லை. பெற்றோர் சைவமா? அப்படியென்றால் கவனம். அந்தக் கடலோரம் முழுக்க ஷிராசு என்கிற பொடிமீன்தான். சோற்றின் மேல், ரொட்டியின் மேல், எல்லாவற்றின் மேலும். மீன் இல்லாத சூப்பிலும் சாறு மீனிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். கென்சின் என்ற காய்கறிச் சாறு காமகுராவின் கென்சோஜி மடத்துச் சமையலறையிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள், மடத்தில் சுத்த சைவம், ஆனால் வெளிக்கடைகளில் மீன்சாறு சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து எலுமிச்சைச் சாதமோ தயிர்ச் சாதமோ கட்டிக்கொண்டு போவது உத்தமம்.

ஆனால் கடற்கரையில் உட்கார்ந்து பிரிக்காதீர்கள். பருந்துகள். அங்கே தொன்பி என்பார்கள். மேலே சும்மா வட்டமடிப்பது போலத் தெரியும், ஆனால் முதுகுப் பக்கமாகத்தான் வரும். என் பையன் கையிலிருந்த ரொட்டி போனது எங்களுக்குச் சிறகு கன்னத்தில் பட்ட பிறகுதான் தெரிந்தது. விரலில் நகக் கீறல், அவன் வெகுநேரம் அழுதான். கூரைக்கு அடியில், சுவரை ஒட்டி உட்கார்ந்து சாப்பிடுங்கள். நடந்துகொண்டே சாப்பிடுவதும் வேண்டாம், நெரிசலில் அதைத் தவிர்க்கச் சொல்லி காமகுரா நகரம் 2019இல் விதியே கொண்டுவந்திருக்கிறது.

மேகலை | மே 22, காலை 10.00

அம்மாவுக்காக ஒரு குறிப்பு. தோரி வாயில் இருந்தால் ஜப்பானியரின் சொந்த மதமான ஷின்தோவின் கோயில்: இரண்டு தடவை குனிந்து, இரண்டு தடவை கைதட்டி, கும்பிட்டு, மறுபடி ஒரு தடவை குனிய வேண்டும். புத்தர் கோயிலில் கைதட்டக் கூடாது, நாம் வழக்கமாகக் கும்பிடுவது போலக் கும்பிட்டால் சரி. உண்டியலில் ஐந்து யென் நாணயம் போடுவது வழக்கம், அதன் ஜப்பானிய உச்சரிப்பு "நல்ல தொடர்பு" என்ற சொல்லோடு ஒத்துப்போகும். காலணி கழற்றச் சொன்ன இடத்தில் மட்டும் கழற்றினால் போதும். என் மாமியார் ஒவ்வொரு வாசலிலும் கழற்றப் போனார்!

ஒரு சந்தேகம், ஏடகம் ஐயா. எனோஷிமா பென்சைதென்னைச் சரஸ்வதி என்று சொல்லி அம்மாவை அழைத்துப்போவது சரிதானா? நான் பார்த்தபோது எட்டுக் கையில் ஆயுதங்கள் இருந்தன.

ஏடகம் | மே 22, இரவு 7.45

சரிதான், ஆனால் பாதி வழி வரைதான். பௌத்த நூல்கள் வழியாகச் சீனம் போய் அங்கிருந்து ஜப்பான் வந்த சரஸ்வதி அவள். ஆற்றுத் தெய்வம் என்ற பழைய நினைவு விடவில்லை, அதனால்தான் அவள் சன்னிதி எங்கே இருந்தாலும் பக்கத்தில் தண்ணீர் இருக்கும். ஹச்சிமன் கோயிலில்கூடக் குளத்தின் நடுத் தீவில் இருக்கிறாள். எட்டுக் கை ஆயுத வடிவமும் பௌத்த நூல் சொன்னதே. அதே எண்கோண மண்டபத்தில் இன்னொரு வடிவம் இருக்கிறது, மடியில் பீவா என்ற நரம்பிசைக் கருவியோடு. வீணை போனது, பீவா வந்தது. அம்மாவை அவளிடம் அழைத்துப்போங்கள். ஆனால் இந்த ஊர்க்காரர்களுக்கு அவள் செல்வமும் தருவாள், ஐந்து தலை நாகம் அவளைக் காதலித்துத் திருந்திய கதையும் உண்டு. அது அவர்கள் வளர்த்த தெய்வம். நம்முடையதை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று பேசினால் அவளுடைய பாதி வாழ்க்கை நமக்குத் தெரியாமலே போய்விடும்.

தண்டவாளம் | மே 22, இரவு 8.30

ஜூன் மூன்றாவது வாரம் என்றால் ஹைட்ரேஞ்சியா காலம். ஹசேதேரா மலைச்சரிவு முழுக்க நீலமும் ஊதாவும். அந்தப் பூப்பாதைக்கு நேரம் குறித்த தனிச்சீட்டு. கூட்டம் தாங்காது, சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம். மழைக்காலமும் அதுதான். குடை எடுங்கள்.

வாணி_நிஷிகசாய் | ஜூன் 24, இரவு 10.10

போய்வந்துவிட்டோம். செவ்வாய்க்கிழமை. உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, நடந்ததை எழுதிவிடுகிறேன்.

வழிகாட்டியாக வந்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார். கடற்கரையிலிருந்து தொடங்கலாமா என்று நான் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. தூறலில் முதல் தோரியிலிருந்து நடந்தோம். அம்மாவை மட்டும் டாக்சியில் முன்னால் அனுப்பி, தன்கசுரா முனையில் சேர்ந்துகொண்டோம். ஹச்சிமன் கோயில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் 2010 மார்ச்சில் சாய்ந்த பழைய கிங்கோ மரத்தின் அடியைக் காட்டினார். மூன்றாவது ஷோகுன் சனெதொமோவை 1219இல் அண்ணன் மகன் அந்த மரத்தின் பின்னால் மறைந்திருந்து வெட்டியதாகக் கதை. அடிமரத்திலிருந்து புதுத் தளிர்கள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருக்கின்றன. அம்மா வேலிக்கு வெளியே நின்று ஒரு கும்பிடு போட்டார்.

பெரிய புத்தர் கோயிலில் அந்த நினைவுக்கல்லையும் பார்த்தோம். வழிகாட்டி 1951ஐச் சொன்னார், அப்பா 1983ஐச் சொன்னார், நான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். வழிகாட்டி வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஆண்டை மட்டும் திரும்பக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

எனோஷிமாவில் படகு ஓடவில்லை, கடல் கொந்தளிப்பு. மின்படிக்கட்டின் முதல் கட்டத்தோடு நிறுத்திவிட்டோம். அம்மா பீவா ஏந்தியவள் முன்னால் நின்று "வெள்ளைத் தாமரை" பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தார். ஆயுதக்காரியைப் பார்த்து, "இவள் நம்ம துர்க்கை மாதிரி இருக்கிறாள், இருக்கட்டும்" என்றார்.

ஹசேதேராவைத்தான் எழுத வேண்டும். மண்டபம் இருட்டு. வாசலில் நின்றால் பொன் நிறம் மட்டும் தெரிகிறது, கிட்டே போய் அண்ணாந்தால்தான் முகம். வலக்கையில் துறவிகள் பிடிக்கிற கோல். நடந்துகொண்டே இருப்பதற்கான கோல் அது என்று வழிகாட்டி சொன்னார். நான் ஏடகம் ஐயா எழுதியதை முன்பே அப்பாவுக்குச் சொல்லவில்லை, அங்கே வைத்துத்தான் சொன்னேன். அகத்தியரும் அவலோகிதனும் அவருக்குத் தெரிந்திருந்தது, பாடம் நடத்தியவர். ஆனால் அந்த அவலோகிதன்தான் இவர் என்பதும், அந்தப் படகுகளும் தெரியாது. கேட்டுவிட்டு, "எங்க வீட்டு மாடியில நின்னா தெரியும்னு இந்தம்மாகிட்ட சொல்லு" என்றார். சொன்னேன்.

வழிகாட்டி அம்மையார் பையிலிருந்து சின்னக் குறிப்பேட்டை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். மலையின் பெயரை உங்கள் எழுத்தில் எழுதித்தாருங்கள் என்றார். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கரும்பலகையில் எழுதுவது போலப் பெரிதாக "பொதிகை" என்று எழுதினார். அவர் அதற்குக் கீழே ஜப்பானிய எழுத்தில் உச்சரிப்பை எழுதிக்கொண்டு இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அப்புறம் வெளியே மேடைக்கு வந்து கடலைப் பார்த்தோம். சகாமி வளைகுடா முழுக்க மழை மூட்டம், ஒன்றும் தெரியவில்லை. எந்தப் பக்கம் என்று அவர் கேட்டார். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கடலுக்கு வலப்பக்கமாகக் கையைக் காட்டினார்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அப்பா அந்த ஃபுதராகுஜியைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போவேன் என்கிறார். நிலையத்திலிருந்து எப்படிப் போவது?

தண்டவாளம் | ஜூன் 24, இரவு 10.35

கிழக்கு வாசலில் இறங்கி சைமோகுசா பக்கம் போகும் பேருந்து எடுங்கள். அம்மாவுக்கு நடை குறைவு. கடைகள் எதுவும் எதிர்பார்க்க வேண்டாம், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.